நூறாவது குடியேறி

“நான் ஏசா ப்ளம்மர் வம்சம். நீ யாரு வம்சம்மா?”

முதல் குடியேறிகள் சங்கத் தலைவி லொரெட்டா ப்ளம்மர், சுவரில் தொங்கிய தாடிக்காரர் ஓவியத்தைக் காட்டிக் கேட்டார். நெப்ராஸ்காவின் அந்தச் சின்ன ஊரில் அந்தத் தாடியைப் பற்றிக் கட்டுரை எழுதாமல் யாரும் பள்ளிக்கூடம் முடித்ததில்லை.

“எபன் ட்ராஸ்க் வம்சம், மேடம். நாலாவது தடவையா சொல்றேன்” என்றாள் டார்லா.

சங்கத்தின் கல்லூரி உதவித்தொகை முதல் குடியேறிகளின் வாரிசுகளுக்கு மட்டும்தான். இன்று படிவத்தில் தலைவியின் கையெழுத்து விழாவிட்டால், அம்மாவோடு சேர்ந்து நெடுஞ்சாலை உணவகத்தில் தட்டு கழுவ வேண்டியதுதான்.

“எபன் பேரு 1857 குடிக்கணக்குல இருக்கு. ஆனா அவரு வாரிசு நீதான்னு யாரு சொன்னா?”

“நீங்க ஏசா வாரிசுன்னு யாரு சொன்னா?”

“எங்கப்பா சொன்னாரு!” லொரெட்டாவுக்கு மூச்சு வாங்கியது. “நூறு பேர் இருந்தாத்தான் மாவட்டத் தலைநகர்னு அரசாங்கம் இழுத்தடிச்சப்போ, நூறாவது ஆளா வந்து இந்த ஊரைக் காப்பாத்தினவரும்மா ஏசா. கணக்கெழுதின குடிகாரன்தான் வயசு ஆறுன்னு எழுதித் தொலைச்சிட்டான். முப்பத்தாறா இருக்கும்.”

டார்லா பையிலிருந்து எபனின் நாட்குறிப்பை எடுத்து மேசையில் போட்டாள். கடைசித் தாளில் எபன் முதல் டார்லா வரை, ஐந்து தலைமுறைப் பிறப்புகள் ஐந்து கையெழுத்துகளில் இருந்தன.

“இதெல்லாம் யாரு வேணா எழுதலாம்.”

“ஏசாவைப் பத்திக்கூட எழுதியிருக்காரு, மேடம்.”

லொரெட்டா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “படி, படி!”

“‘ஏசா இன்றும் விடியலிலிருந்து உழுதான். ஒருநாளும் முணுமுணுத்ததில்லை.’”

“எங்க குடும்பமே அப்படித்தான்!”

“‘சேற்றில் புதைந்த வண்டியை ஏசா ஒருவனே இழுத்து வெளியே கொண்டுவந்தான்.’”

“அந்தத் தோளைப் பாரு!” ஓவியத்தைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்ட லொரெட்டா, படிவத்தில் கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினார். “இவ்வளவு நல்ல மனசுக்காரரா எபன்! நீ வாரிசுதான்மா, சந்தேகமே இல்ல. ஏசாவுக்கு ஒரு நினைவுக்கல் செஞ்சு வச்சிருக்கேன். எப்படிச் செத்தாருன்னு ஒரு வரிக்கு மட்டும் இடம் விட்டிருக்கு. அது இருக்கா?”

டார்லா படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். பிறகுதான், இதுவரை படிக்காமல் விட்டிருந்த பக்கத்தைத் திறந்தாள்.

“பனிக்காலத்துல பசி தாங்காம எங்க வீட்டு ஆளுங்க வெட்டித் தின்னுட்டாங்க, மேடம்.”

“ஐயோ! மனுஷனையா?”

“நூறுக்கு ஒண்ணு குறையுதுன்னு எபன் குடிக்கணக்குல பேர் குடுத்த உழவு மாட்டை, மேடம்.”