எதிர்க்குன்றில் ஒரு மாடி

கோட்டைக் கோபுரத்தின் கடைசிப் படிகளில் அவளுக்கு மூச்சு வாங்கியது. நிற்கவில்லை. ஏறிவிட்டாள்.

மேலே நல்ல வெயில். காற்று புடவையைப் பிடித்து இழுத்தது.

குழுவில் வந்தவர்கள் எல்லோரும் அல்ஹம்ப்ரா அரண்மனைப் பக்கம் திரும்பி நின்று படமெடுத்தார்கள். சிவந்த மதில்கள். அவற்றுக்குப் பின்னால் பனி படிந்த மலை. ஸ்பெயினை ஆண்ட சுல்தான்களைப் பற்றி வழிகாட்டிப் பெண் சொல்லிக்கொண்டிருந்தாள். இதைப் பார்க்கத்தான் போகிறோம் என்று கோயம்புத்தூரில் அவளும் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள்.

இப்போது அவள் மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பினாள்.

பள்ளத்தாக்குக்கு அந்தப் புறம் இன்னொரு குன்று. வெள்ளை வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்றாக ஏறி நின்றன.

அதில் ஒன்றில் அவள் மகன் இருந்தான்.

நந்தகோபால் இந்தக் கிரனாடாவுக்குப் படிக்க வந்தவன். இனெஸ் என்ற இந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். இனி என் வாசலை மிதிக்காதே என்று போனிலேயே சொல்லிவிட்டார் அவன் அப்பா.

அவனும் மிதிக்கவில்லை. வீம்பில் அப்பனையே உரித்து வைத்தவன்.

அவர் வெளியே கிளம்பும் நேரம் பார்த்து, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் மகனோடு பேசுவாள். பேத்தி பிறந்ததை அப்படித்தான் கேட்டாள். அது அழுததை, சிரித்ததை, பாட்டு மாதிரி எதையோ உளறியதை. எல்லாம் காதோடு சரி.

நேற்று ஓட்டல் குளியலறையில், அவர் காதில் விழாமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டுப் பேசினாள்.

"கோபுரத்துல ஏறி எங்க பக்கம் பாரும்மா. மாடியில உன்ற பொடவையைக் கட்டி வெக்கறேன். நீ கை ஆட்ட வேண்டாம். பாத்தாப் போதும்."

படிக்கக் கிளம்பும்போது, போர்த்திக்கொள்ள என்று அவன் எடுத்துவந்த அவளுடைய நெகமம் சேலை. கத்தரிப்பூ நிறம்.

தேடினாள்.

எத்தனை மாடிகள். ஊரே துணி காயப்போட்டிருந்தது. வெள்ளை விரிப்புகள், நீலச் சட்டைகள். காற்றில் கண் நீர் கோத்துக்கொண்டது. துடைத்தாள். மறுபடி தேடினாள்.

இருந்தது.

நெட்டை மரங்கள் இரண்டுக்கு நடுவே, காற்றில் உப்பி, அடங்கி, மறுபடி உப்பியது. அதன் பக்கத்தில் ஒரு புள்ளி. புள்ளியின் தோளில் ஒரு குட்டிப் புள்ளி.

அவள் கை தானாக எழுந்தது. பாதியில் பிடித்து நிறுத்தி, முந்தானையைச் சரிசெய்தாள்.

பக்கத்தில் அவர்.

எப்போது வந்து நின்றாரோ தெரியவில்லை. அரண்மனையை அவர் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார். எதிர்க்குன்றையே பார்த்தார்.

"அது உன்ற பொடவைதான?"

இத்தனை பேர் முன்னால் என்ன சொல்லப்போகிறாரோ.

அவர் கைப்பிடிச் சுவரோரம் நகர்ந்து நின்றார்.

"தோள்ல இருக்கறது... பையனா, புள்ளையா?"

"புள்ளைங்க."



வழிகாட்டிப் பெண் கொடியை உயர்த்தினாள். அரண்மனைக்குள் நுழைய இவர்களுக்குக் குறித்த நேரம் வந்துவிட்டதாம். தவறினால் உள்ளே விடமாட்டார்களாம். குழு அவசரமாகப் படியிறங்கியது.

அவளும் இறங்கினாள். ஒவ்வொரு படியிலும் அந்தக் குன்று கொஞ்சம் கொஞ்சமாக மதிலுக்குப் பின்னால் போனது. கடைசியில் சுவர் மட்டும்தான். பாத்தாப் போதும் என்றானே. போதவில்லை.

அரண்மனை வாசலில் வரிசை நகர்ந்தது. முன்னால் போனவர்கள் சீட்டைக் காட்டி உள்ளே போனார்கள்.

அவர் வரிசையை விட்டு விலகினார்.

"எந்தப் பக்கம் போவோணும்?"

அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு, மதிலை ஒட்டிப் பள்ளத்தாக்கில் இறங்கும் கல் பாதையைக் காட்டினாள்.

அவர் முன்னே நடந்தார்.

"ரொம்ப எறக்கமா இருக்குது. செருப்பு வழுக்கும். பாத்து வா."

திரும்பிப் பார்க்கவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டியிருந்தார்.