கிடாவுக்குக் கிடைத்த பட்டம்

எருமைக்கு அந்த ஆட்டுக்கிடாவைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். ஒரு கட்டுத் தழை போட்டால், கிடா இளங்கொழுந்தை மட்டும் கடித்துக்கொண்டு மிச்சத்தை மிதித்துத் துவைத்துவிடும்.

"வக்கணை பிடிச்சவனே!" என்று திட்டியது எருமை.

பட்டிக் கூரையில் தொங்கிய கூண்டுக்கிளி குறுக்கே பேசியது. அது முன்பு இங்கிலீஷ் வாத்தியார் வீட்டில் வளர்ந்தது. "அதை எலிகன்ட்னு சொல்லணும்க்கா. லத்தீன்ல தேர்ந்தெடுக்கிறதுங்கிற சொல்லுல இருந்து வந்தது. முதல்ல ரொம்ப வக்கணை பார்க்கிறவங்களைத் திட்டத்தான் சொன்னாங்க. அப்புறம் நயமான அழகுன்னு ஆயிடுச்சு."

"திட்டு எப்படிடி பாராட்டாச்சு?"

"வக்கணை பார்த்தவங்க வசதியானவங்களா இருந்திருப்பாங்க."

கிடாவுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றிலிருந்து கொழுந்திலும் பனி காயாத கொழுந்தாகப் பார்த்துத் தின்றது. மேனி மினுமினுவென்று ஆனது.

பேத்தியின் காதுகுத்து விருந்துக்கு ஆடு பார்க்க முதலாளி பட்டிக்கு வந்தார். ஒவ்வொன்றையும் முதுகைத் தடவிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கித் தள்ளினார். கடைசியில் கிடாவிடம் வந்து முகம் மலர்ந்தார். கயிறு கழுத்தில் விழுந்தது.

எருமை அசைபோடுவதை நிறுத்தியது. "ஏண்டி, இவரும் பார்த்துப் பார்த்துத்தானே எடுக்கிறார். இவரையும் எலிகன்ட்னுதான் சொல்லணுமா?"

கிளி தலையைச் சிறகுக்குள் செருகிக்கொண்டது.

"எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராதுக்கா."