பெருச்சாளி நின்ற ஜாமீன்

மழைவெள்ளம் பெருச்சாளியின் வளைக்குள் புகுந்து, சேர்த்துவைத்த கடலையையெல்லாம் அடித்துக்கொண்டு போயிற்று. குட்டிகள் பசியில் கத்தின. அந்தக் காட்டில் எல்லா விலங்குகளும் பருவம் தவறாமல் யானையின் களஞ்சியத்தில் பங்கு போட்டு வைக்கும். நஷ்டப்பட்டவருக்கு அதிலிருந்து ஈடு கிடைக்கும். ஆனால் யானை முன்னால் நின்றாலே பெருச்சாளிக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"நான் பேசி வாங்கித் தர்றேன் அண்ணே," என்றது குரங்கு. "அதுக்கு யானைகிட்ட லைசென்ஸ் வாங்கணும். லைசென்ஸுக்கு ஒருத்தர் ஜாமீன் நிக்கணும். நான் யாரையாவது ஏமாத்தினா, அவங்களுக்கு ஜாமீன்தாரர் ஈடு கட்டணும். சும்மா பேருக்குத்தான்."

நமக்காக அலையப் போகிறவனாயிற்றே என்று பெருச்சாளி களிமண் பலகையில் தன் காலைப் பதித்துக் கொடுத்தது.

குரங்கு உருக்கமாகப் பேசி ஒரு மூட்டைக் கடலை வாங்கியது. நேரே மரத்தில் ஏறி, தோல்கூட மிச்சம் வைக்காமல் தின்று தீர்த்தது.

பெருச்சாளி அழுதுகொண்டு யானையிடம் ஓடியது. யானை அப்போதே குரங்கின் லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டது.

"நீ அழாதே. இந்த மாதிரி ஆளுங்களுக்காகத்தான் ஜாமீன் வாங்கி வைக்கிறோம். உன் கடலை முழுசாக் கிடைக்கும்," என்று பலகையை எடுத்துப் பார்த்தது. பிறகு குனிந்து பெருச்சாளியின் காலைப் பார்த்தது.

"நல்லதாப் போச்சு. நீ எங்கேயும் அலைய வேண்டாம். உன்கிட்டேயே வாங்கிக்கோ."