விடுபட்ட புள்ளி

அந்தப் பழைய கணினிக்கு ஓர் எழுத்து என்பது எட்டுக்கு எட்டுக் கட்டம்தான். எந்தெந்தப் புள்ளி ஒளிர வேண்டும் என்று சொல்லிவிட்டால் எந்த எழுத்தையும் காட்டும். மேகலாவும் தோழி பிலோமினாவும் கல்லூரி விடுதியில் உருவாக்கிய மொழியின் எழுத்துகளையும் காட்டியது. உலகில் இருவருக்கு மட்டுமே தெரிந்த மொழி. மாலையில் வரப்போகும் பிலோமினாவுக்காக மேகலா அந்த மொழியில் ஒரு வரி அடித்தாள்: 'இவரை விட்டுப் போகிறேன்.'

கணவன் காபியோடு பின்னால் வந்து நின்றான். அவள் திரையை மறைக்கவில்லை.

அவன் கடைசி எழுத்தின் வளைவில் விரல் வைத்தான்.

"இங்க ஒரு புள்ளி விட்டுட்ட மேகலா. பிலோமினா எனக்குச் சொல்லித் தந்தப்போ இந்த வளைவை இன்னும் கொஞ்சம் கீழ இறக்குவா. சரி, எப்போ கெளம்புற?"

அவன் காட்டிய இடத்தில் மேகலா அந்தப் புள்ளியை ஒளிர வைத்தாள்.