அண்ணன் பெயரில் ஒரு சீட்டு

அரசு வேட்டையை மறுபடி அனுமதித்த பிறகும், வெளிமாநிலத்தவர் காட்டெருமை சுடுவதற்கு ஆண்டுக்குப் பத்து அனுமதிச் சீட்டுகள்தான், அதுவும் குலுக்கலில். நீலகிரிக்காரர்களுக்குக் கேட்டாலே கிடைக்கும்.

அண்ணன் ஞானசீலன் காமாலையில் இறந்து இரண்டு வருடமாகியும் ரேஷன் அட்டையில் அவன் பெயர் இருந்தது. "பேராவது இருந்துட்டுப் போகட்டுமே" என்று அம்மா நீக்க விடவில்லை. அந்தப் பெயரை விற்கலாம் என்று வேட்டைச் சீட்டுத் தரகரிடம் போய்ச் சொன்னது நான்தான். எங்கள் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. ஒரே வாரத்தில், அண்ணனின் ஓட்டுநர் உரிமத்தில் அவன் முகம் இருந்த இடத்தில் புனேக்காரர் ஒருவரின் முகம் வந்தது. ரத்த வகையை மட்டும் யாரும் மாற்றவில்லை.

வேட்டைக்குப் போகும் உள்ளூர் ஆளைக் குடும்பத் தலைவி நேரில் வந்து அடையாளம் காட்ட வேண்டும். அம்மாவை வனச் சோதனைச் சாவடிக்குக் கூட்டிப் போனேன். புனேக்காரர் ஜீப்பருகே துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"யாரும்மா அவரு?" என்றார் வனக்காவலர்.

"என் மவன்." அம்மா தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"உங்க நெறமே இல்லியே! தேயிலைக் காட்டுல வெயிலே படாம வளத்தீங்களோ?" காவலர் சிரித்துவிட்டு, சீட்டைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டார். "ஞானசீலன்!"

புனேக்காரர் நிமிரவே இல்லை. அம்மாதான் சட்டென்று திரும்பி, நாங்கள் வந்த சாலையைப் பார்த்தாள்.

"ஏம்ப்பா, காது கேக்கலியா? ஞானசீலன்!"

நான் ஓடிப்போய் அவர் சட்டைக்கையைத் தொட்டேன்.

"அண்ணா, உன்னத்தான் கூப்பிடுறாங்க."

அம்மா சாலையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள்.