துடைக்காத பொட்டு

சின்னண்ணன் தன் மனைவி சௌந்திரத்தையே கடைக் குமாஸ்தா பார்த்துக்கொண்டிருப்பதை மறுபடியும் கவனித்தான். முகத்தைப் பார்த்தாலாவது போகிறதென்று விட்டிருப்பான். அந்த ஆள் பார்த்ததெல்லாம் சௌந்திரத்தின் தோளை. அவள் ரம்ப மிஷினைச் சுற்றி வந்தால் அவன் கண்ணும் கூடவே சுற்றி வந்தது.

வாங்க வந்த இடத்தில் வம்பு எதற்கென்று சின்னண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

சேந்தமங்கலத்தில் புதிதாக மரக்கடை போட்டிருந்தான் அவன். கொல்லிமலையிலிருந்து இறங்கும் மரங்களைக் கைவாளால் அறுத்து மாளவில்லை. சீமையில் சண்டை தொடங்கியதிலிருந்து அங்கத்துச் சாமான் எதுவும் கப்பலில் வருவதில்லை. அப்படிப்பட்ட நேரத்தில், சேலத்தில் இந்தக் கடையில் காட்சிக்கு நிறுத்தியிருந்த ரம்ப மிஷினைப் பாதி விலைக்குத் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடிவந்திருந்தான். வாங்கிய பிறகு பழுது என்று தெரிந்தால் மரக்கடையை மூடிவிட்டுப் பழையபடி ஏர் பிடிக்க வேண்டியதுதான்.

"ஏனுங்க, பொருளே கெடைக்காத காலத்துல எதுக்குங்க இத்தன கொறைக்கறீங்க?"

"காட்சிக்கு நின்னதுங்க சாமி. ஆயுத பூசையன்னிக்கு ஒருக்கா சும்மா ஓட்டினதோட சரி. ஒரு குச்சியக்கூட அறுத்ததில்ல" என்றார் கடை முதலாளி பெரியசாமி. சொல்லும்போது மிஷினைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தார்.

கடையில் மற்ற சாமான்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கிடந்தன. இது மட்டும் தனியாக நின்றது. மூட்டை தூக்கி வந்த ஆள் ஒருவன் இதன் பக்கம் வராமல் சுவரோரமாகவே சுற்றிப் போனான்.

சின்னண்ணன் குனிந்து பார்த்தான். தட்டிப் பார்த்தான். ரம்பத்தின் பல்லைத் தடவினான்.

"ஏனுங் மாமா, என்னையப் பொண்ணு பாக்க வந்தப்பக்கூட இப்பிடிச் சுத்திச் சுத்திப் பாக்கலீங்களே!" என்றாள் சௌந்திரம்.

"அப்பப் பாக்காம உட்டதுக்குத்தான் புள்ள இப்பப் பாக்கறேன்."

பெரியசாமி சிரித்துவிட்டார். குமாஸ்தா சிரிக்கவில்லை. பெயர் கந்தப்பன், பி.ஏ. படித்தவன் என்று வந்தவுடனேயே பெரியசாமி சொல்லியிருந்தார். சின்ன வயதுதான். கையில் ஒரு துணியை வைத்துக்கொண்டு, எதையும் துடைக்காமல் நின்றான்.

மிஷின் ஏற்கெனவே பளபளத்துக்கொண்டிருந்தது. பெல்ட் ஓடும் சக்கரத்தை ஒட்டி, இரும்பின் மேல் ஒரு குங்குமப் பொட்டு மட்டும் காய்ந்து கறுத்திருந்தது. அதைச் சுற்றிலும் துடைத்த கை, அதை மட்டும் தொடாமல் விட்டிருந்தது.

"பூசைக்கு வெச்ச பொட்டு இன்னும் அழியாம இருக்குதுங் மாமா. நல்ல சகுனம்" என்றாள் சௌந்திரம்.

சின்னண்ணன் குமாஸ்தாவின் பக்கம் திரும்பினான். "படிச்சவரு, நீங்க சொல்லுங்க. இதுல குத்தம் ஏதாச்சும் உண்டுங்களா?"

கந்தப்பனின் கண் சௌந்திரத்தின் தோளுக்குப் போய்த் திரும்பியது. "மிஷின் மேல குத்தமில்லீங்க."

"பின்ன யாரு மேலங்க?"

கந்தப்பன் கையிலிருந்த துணியை மடித்தான்.

"கந்தப்பா, மோட்டாரப் போடு. ஓட்டிக் காட்டலாம்" என்றார் பெரியசாமி. அவன் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. முதலாளியே எழுந்து போய்ச் சுவரிலிருந்த சுவிட்சைப் போட்டார்.

தரை அதிர்ந்தது. பெல்ட் பறந்தது. பெரியசாமி வந்து ஒரு வாகைக் கட்டையைத் தள்ளினார். கட்டை கண் இமைப்பதற்குள் இரண்டாகி விழுந்தது. சின்னண்ணனின் சந்தேகமும் அதோடு போயிற்று.

"எடுத்துக்கறமுங்க!" என்று சத்தத்துக்கு மேலே கத்தினான்.

ஓடுகிற மிஷினுக்குச் சுமங்கலி கையால் பொட்டு வைத்தால் அது நிற்காமல் ஓடும் என்று அந்தப் பக்கம் சொல்வார்கள். கோட்டை மாரியம்மன் கோயிலில் வாங்கிய குங்குமத்தைச் சௌந்திரம் மடியிலிருந்து எடுத்துப் பிரித்தாள். மோட்டாரை நிறுத்தப் பெரியசாமி சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தார். பழைய பொட்டின் மேலேயே புதுப் பொட்டை வைக்க அவள் குனிந்தாள்.

கந்தப்பனின் வாய் திறந்தது. இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. ஒரே பாய்ச்சலில் வந்து, அவள் முந்தானையை இரண்டு கையாலும் பற்றி இழுத்தான். குங்குமம் தரையெல்லாம் கொட்டியது. சௌந்திரம் அலறிக்கொண்டு பின்னால் விழுந்தாள்.

சின்னண்ணன் யோசிக்கவில்லை. ஓங்கி அறைந்தான்.

"நானும் வந்ததுலருந்து பாக்கறேன்! அடுத்தவன் பொண்டாட்டி சேலையில கை வெக்கத்தான் பி.ஏ. படிச்சியா? உனக்கு ஊட்டுல பொண்டாட்டி இல்லியாடா?"

பெரியசாமி சுவிட்சை அணைத்தார். பெல்ட் தட், தட் என்று அடித்து ஓய்ந்தது. அதன் விளிம்பில், சௌந்திரத்தின் தோளிலிருந்து தொங்கிய முந்தானையில் பிய்ந்த சிவப்புக் கரைத் துண்டு ஒன்று சுற்றிக் கிடந்தது.

அதைப் பார்த்ததும் மறுபடி ஓங்கிய கை சின்னண்ணனுக்கு அப்படியே நின்றுவிட்டது. பெரியசாமி தலையைக் குனிந்துகொண்டார்.

கந்தப்பன் கன்னத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கறுத்துப்போன அந்தப் பழைய பொட்டைக் காட்டினான்.

"அத வெச்சது எம்பட ஊட்டுக்காரிங்க. அன்னிக்கு எங் கை எட்டலீங்க."