அடுத்த வருட லாரி

"ஹேண்ட் பிரேக் பிடிக்கலைன்னா அது லாரியே இல்லைங்க. சரிவுல நிறுத்திட்டு இறங்கினா என்ன ஆகும்? உயிர் போற விஷயம்!"

தலைவர் மேஜையை ஓங்கித் தட்டினார். தட்டிய வேகத்தில் லாரி மெல்ல உருண்டு, காப்பிக் கோப்பையைச் சுற்றிக்கொண்டு போய், மேஜை விளிம்பிலிருந்து தரையில் விழுந்தது. கதவு ஒரு பக்கம், டிரைவர் ஒரு பக்கம், மஞ்சள் பிளாஸ்டிக் கட்டைகள் அறையெங்கும்.

"பாத்தீங்களா? இதைத்தான் சொன்னேன்."

கட்டைகளை ஒன்றோடொன்று மாட்டி வண்டி செய்யும் பொம்மைகளைத் தயாரிக்கிற கம்பெனி அது. அடுத்த வருடம் வரப்போகிற வண்டிகளில் என்னென்ன வேண்டும் என்று கேட்க, அந்தப் பொம்மைகளின் ரசிகர் சங்கத் தலைவரை அழைத்திருந்தார்கள். ஐம்பதைத் தாண்டியவர். துணைக்கு மனைவியும் வந்திருந்தார்.

எதிரில் இருந்த டிசைனர் பெண் குறிப்பு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டாள். போன வருட லாரிக்கு அவள் வைத்த கியர், ஸ்பிரிங், பிரேக் எல்லாவற்றையும் மேனேஜர் ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டார். லாரி விற்கவில்லை. பழி மட்டும் அவள் தலையில் விழுந்தது. இன்றைக்குத் தலைவரிடம் நல்ல பேர் வாங்காவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள் என்று காலையில்தான் மேனேஜர் சொல்லியிருந்தார்.

"வேற என்னெல்லாம் வேணும் சார்?" என்றாள்.

தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். "ஸ்டியரிங்கைத் திருப்பினா முன்சக்கரம் திரும்பணும். கூரை மேல ஒரு குமிழை வச்சுத் திருப்புற ஏமாத்து வேலை வேண்டாம். வளைவுல உள்பக்கச் சக்கரம் மெதுவா, வெளிப்பக்கச் சக்கரம் வேகமா சுத்தணும். கியர் மாத்தினா விரலுக்கு 'டொக்'குனு தெரியணும்."

கண்ணைத் திறந்தார். குரல் கம்மியது.

"அப்புறம் ஸ்டெப்னி. ஸ்டெப்னி இல்லாம ஒரு வண்டியை வெளியில அனுப்ப எப்படிங்க மனசு வருது? ஆள் நடமாட்டம் இல்லாத இடத்துல டயர் போச்சுன்னா அந்த டிரைவர் என்ன பண்ணுவான்?"

எல்லோரும் தரையில் கிடந்த டிரைவரைப் பார்த்தார்கள். கட்டைவிரல் உயரம் இருப்பான். சிரித்துக்கொண்டிருந்தான்.

"வீட்டுலயும் இப்படித்தாங்க" என்றார் மனைவி. "புது லாரி ஒண்ணு வந்துட்டா இவருக்குச் சோறு இறங்காது. இன்னிக்குக்கூட, கார் சும்மாதானே நிக்குது, எடுங்கன்னேன். அதை நம்பி எவன் ஏறுவான்னு பஸ்ல கூட்டிட்டு வந்துட்டாரு."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேனேஜர் குறுக்கிட்டார். "சார், உள்ள இருக்கிறதை யாரு பிரிச்சுப் பாக்கறாங்க? வெளியில நல்லா பளபளன்னு, ரெண்டு பெரிய ஸ்டிக்கர் ஒட்டி..."

"நிறுத்துங்க!" தலைவர் எழுந்தே விட்டார். "வெளியில பளபளப்பு, உள்ள காலி. இதுக்குப் பேரு மோசடி. நம்பி வாங்கினவன் முகத்துல எப்படி முழிப்பீங்க? வண்டி செய்யறவனுக்கு மனசாட்சி வேணும் சார்!"

டிசைனர் பெண்ணுக்கு எங்கிருந்தோ ஒரு தைரியம் வந்தது. காலடியில் இருந்த பையைத் திறந்து, யாருக்கும் தெரியாமல் வீட்டில் உட்கார்ந்து கட்டிய லாரியை எடுத்து வைத்தாள்.

தலைவர் அதைத் தள்ளினார். எஞ்சினுக்குள் குட்டிக் குட்டி பிஸ்டன்கள் ஏறி இறங்கின. ஒரு பேனாவைக் குறுக்கே போட்டு அதன்மேல் ஏற்றினார். ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கியது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். லாரி நகர மறுத்தது. குனிந்து பார்த்தார். அடியில் ஸ்டெப்னி இருந்தது.

நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"யாரும்மா செஞ்சது?"

"நான்தான் சார்."

"நல்லா இரும்மா." மேனேஜர் பக்கம் திரும்பினார். "இதுல ஒரே ஒரு கட்டை குறைஞ்சாலும் எங்க சங்கத்துல ஒருத்தன் வாங்க மாட்டான். சொல்லிட்டேன்."

"நானும் ஆரம்பத்துலேர்ந்து இதைத்தான் சார் சொல்லிட்டிருக்கேன்" என்றார் மேனேஜர், முகம் மாறாமல்.

வேலை தப்பியது. லாரியும் தப்பியது. இருவரையும் வழியனுப்ப டிசைனர் பெண் வாசல்வரை ஓடாத குறையாக வந்தாள்.

"இவ்வளவு நுணுக்கமா சொல்றீங்களே சார், நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

தலைவர் கூச்சத்தோடு சிரித்தார். மனைவிதான் பெருமையாகச் சொன்னார்: "கார் கம்பெனியிலதாம்மா." கம்பெனியின் பேரையும் சொன்னார். "புது மாடல்ல என்ன இருக்கணும், என்ன வேண்டாம்னு முடிவு பண்றதே இவர்தான்."

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "ஐயோ சார், எங்கப்பா போன வாரம்தான் உங்க கார் வாங்கினாரு! உங்களை மாதிரி ஒருத்தர் பாத்துப் பாத்துச் செஞ்சதுன்னு தெரிஞ்சா நிம்மதியா ஓட்டுவாரு. இப்போ நீங்க உள்ள சொன்னீங்களே, அந்த அக்கறையெல்லாம் அந்தக் கார்லயும் இருக்கும் இல்லையா?"

தலைவர் நின்றார். கேள்வி புரியாதவர் போல அவளைப் பார்த்தார். பிறகு புரிந்ததும், குழந்தை ஏதோ கேட்டுவிட்டது போல வாய்விட்டுச் சிரித்தார்.

"அது வெறும் கார்தானேம்மா!"